குடிக்காத தண்ணீர்

மே 12, திங்கள்

இந்தக் கொப்பியைக் கழகத்தில் தசை, மூட்டு நோக்களைப் பார்க்கிற பிசியோ ஹன்னா இன்று எங்கள் எல்லோருக்கும் கொடுத்தாள். தூக்கம், தண்ணீர், சாப்பாடு, வலி, மனநிலை எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம். அவள் வாசிக்க மாட்டாளாம், எழுதியிருக்கிறோமா என்று பக்கத்தைப் புரட்டி மட்டும் பார்ப்பாளாம். அப்படியானால் தமிழிலேயே எழுதலாம் என்று நினைத்தேன். எட்டு வயதில் சிட்னிக்கு வந்த பிறகும் சனிக்கிழமைதோறும் அம்மா என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு ஒரு பலன் இருக்கட்டும்.

ஹெரன்ஸ் மகளிர் ரக்பி லீக் அணியில் இது எனக்கு ஏழாவது பருவம். போன வருடம் ஆடவில்லை, மகள் ஆரபி பிறந்தாள். இன்றைக்கு அவளுக்குப் பத்து மாதம். நான் வெளிக்கிடும்போது அவளை இடுப்பில் வைத்தபடியே கணவர் சுதன் கதவடியில் நின்று கை காட்டினார். அவள் என்னைப் பார்க்கவில்லை, அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதில் கவனமாக இருந்தாள்.

காலையில் நிறை பார்த்தார்கள். முன்பைவிட ஒன்பது கிலோ கூட. பிறகு நாற்பது மீற்றர் ஓடவிட்டார்கள். எங்கள் கோச் டெனீஸ் நேரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் நேரத்தைப் பார்த்தார். மதியம் தனியாகக் கூப்பிட்டார்.

"நிரோஜா, இனி நீ விங்கில ஓட வேண்டாம். நடுவுக்கு வா. உன்ர உடம்பு இப்ப அதுக்குத்தான் சரி."

அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். எழுதும்போது என் கையில் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழே பேசுகிறார்கள்.

அம்மாவும் அப்பாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "நிறை கூடினது நல்லமெண்டு சொல்லுற உத்தியோகமும் உலகத்தில இருக்கோ?" என்றார். இரவு என் தட்டில் இரண்டு முட்டை கூடுதலாக இருந்தது.

தண்ணீர்: மூன்று லீற்றர் குடிக்க வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். மூன்று லீற்றர்.

மே 13

தூக்கம் ஐந்து மணித்தியாலம். ஆரபிக்குப் பல் முளைக்கிறது. பயிற்சிக்குச் சாம்பல் நிறக் காற்சட்டை கொடுத்தார்கள். உடுப்புக்குப் பொறுப்பானவரிடம் கேட்டுக் கறுப்பு வாங்கிக்கொண்டேன். சாம்பல் எனக்குப் பொருந்தாது.

தண்ணீர்: 3 லீற்றர்.

மே 15

சுதனுக்கு நடு என்றால் என்னவென்று விளக்கினேன். ரயில்வேயில் சிக்னல் பார்க்கிற மனிசன், அவருக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. மேசையில் உப்புப் போத்தல், மிளகுப் போத்தல் எல்லாம் அடுக்கினேன். விங் என்றால் மைதானத்தின் ஓரக் கோட்டடி. அங்கே வேகம்தான் வேலை. பந்தோடு ஓடி வருகிறவளைத் தோளால் மோதி நிலத்தில் சாய்ப்பதைத்தான் டாக்கிள் என்கிறோம். விங்கில் நிற்கிறவளுக்கு ஒரு ஆட்டத்தில் நாலைந்து டாக்கிள் வந்தால் அதிகம். நடுவில் நிற்கிறவளுக்கு முப்பது வரும்.

"முப்பது தரம் ஆக்களோட மோதுவீரோ?"

"ஓம்."

"அதுக்குச் சம்பளம் வேற தருவினமோ?"

பெயர்ப் பட்டியல் யூலை முதலாம் திகதி வரும். இருபத்துநாலு பேர். பெயர் வந்தால்தான் இந்த வருட ஒப்பந்தம். அதுவரை நான் பயிற்சிக்கு மட்டும் வருகிற ஆள். இதைச் சுதனுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். இன்று மறுபடியும் சொன்னபோது உப்புப் போத்தலை எடுத்து நடுவில் வைத்து, "அப்ப இது நீர்," என்றார்.

மே 20

கயிறு தாண்டும் பயிற்சியில் நான் சேரவில்லை. இடது கணுக்கால் நோகிறது. ஹன்னா அமத்திப் பார்த்து, வீக்கம் ஒன்றும் தெரியவில்லையே என்றாள். உள்ளுக்குள் நோ இருக்கலாம் என்றேன்.

மதியச் சாப்பாட்டுக்கு அம்மா தந்த இடியப்பமும் மீன் சொதியும். சினா பக்கத்தில் வந்து இருந்து பாதியைச் சாப்பிட்டாள். சினா சமோவாக் குடும்பத்துப் பெண், எங்கள் அணியில் நடுவில் முதல் ஆள், என்னைவிடப் பதினைந்து கிலோ கூட. இப்போது ஒவ்வொரு நாளும் அவளோடுதான் மோதிப் பழக வேண்டும். சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவளை மெதுவாக இடிப்பாள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

மே 21

நல்ல வெயில். ஆரபி பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். ஒரு நிமிடம் முழுவதும் நின்றாள்.

மே 27, செவ்வாய்

டெனீஸ் எனக்கு வீடியோ போட்டுக் காட்டினார். எதிரே சினா பந்தோடு வருகிறாள். நான் முன்னே போகிறேன். கடைசி அரை அடியில் நிற்கிறேன். என் தோள் அவளில் படுவதற்குப் பதிலாக அவள் என் மேல் ஏறிப் போகிறாள். இதே மாதிரி ஏழு தடவை.

"ஒவ்வொரு முறையும் அதே அரை அடி," என்றார் டெனீஸ். "பயமோ?"

"இல்லை."

"பிள்ளை பெத்துப்போட்டு வாற ஆக்களுக்குப் பயம் இருக்கலாம். அது குற்றமில்லை."

"பயமில்லை, டெனீஸ். புது இடம். பழக வேணும்."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிசி. இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். விடை சரியாக இருந்தாலும் செய்த வழியைக் காட்டச் சொல்கிற பார்வை.

புல் ஈரமாக இருந்தது, சப்பாத்தும் புதுசு. அதனாலும் இருக்கலாம்.

யூன் 3

பின்னேரம் தலையிடி. இரண்டு பனடோல். தூக்கம் ஆறு மணித்தியாலம். தண்ணீர் 3 லீற்றர்.

யூன் 8, ஞாயிறு

அப்பா வந்து வெள்ளிக்கிழமைப் பத்திரிகையைத் தந்தார். அணிகளைப் பற்றிய பக்கத்தில் என் பெயர் ஓரிடத்தில், "திரும்பி வரலாம்" என்று. அதைச் சுற்றிப் பேனையால் வட்டம் போட்டிருந்தார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அப்பா என் ஒரு ஆட்டத்தையும் விட்டதில்லை. மழையிலும் குடையில்லாமல் இருந்து, நடுவருக்குத் தமிழில் புத்தி சொல்வார்.

அம்மா ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. அவருக்கு இந்த விளையாட்டுப் பிடிக்காது. பெண்பிள்ளை சேற்றுக்குள் உருளுவதைப் பார்க்க எந்தத் தாய்க்குப் பிடிக்கும்? ஆரபியைப் பார்த்துக்கொள்கிறார், சமைத்துத் தருகிறார், அது போதும். எனக்கு அதில் மனக்குறை ஒன்றும் கிடையாது. ஏழு வருடத்தில் ஒரு தரம் மட்டும், இறுதிப் போட்டிக்கு வாங்கோ என்று கேட்டேன். கோயிலுக்குப் போக வேணும் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை அல்ல, வெள்ளிக்கிழமை அல்ல, திருவிழாவும் அல்ல. நினைவு வந்தது, எழுதினேன்.

யூன் 14, சனி

இன்று பயிற்சி ஆட்டம். எங்கள் அணி வீட்டு மைதானத்தில் வெள்ளைக் காற்சட்டை போடும். நான் உள்ளே இரண்டு போட்டு, மேலே ஒன்று போட்டேன். காலையிலிருந்து வாயை மட்டும் நனைத்தேன்.

முப்பதாவது நிமிடத்தில் இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்தன. பந்தும் என்னிடம் இல்லை, யாரும் என்னை இடிக்கவும் இல்லை, நான் சும்மா விழுந்தேன். தூக்குக்கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா வேலியடிக்கு ஓடி வந்தார்.

கழகத்து டொக்டர் சிறுநீர் பரிசோதிக்க வேண்டும் என்றார். கொடுத்தேன். போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தேத்தண்ணி மாதிரி இருக்கு. இண்டைக்கு என்ன குடிச்சனீர்?" என்று கேட்டார்.

"வழமைபோல."

ஹன்னா என் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கங்களைப் புரட்டினாள். எழுத்துகள் அவளுக்குத் தெரியாது. ஆனால் இலக்கங்கள் தெரியும். 3, 3, 3, 3. கொப்பியை மூடித் திருப்பித் தந்தாள்.

யூன் 15

வீட்டில் ஓய்வு. குளியலறையில் காற்சட்டைகளைத் தோய்த்துப் பின்வளவில் போடாமல் அங்கேயே காயவிட்டேன். ஆரபிக்குக் கரட் அவித்து மசித்தேன். பாதி அவள் வாயில், பாதி என் தலையில்.

யூன் 17

பயிற்சிக்குப் போய்ப் பையைத் திறந்தால் உள்ளே ஒரு பொதி. மருந்துக்கடைப் பொதி. நான் வாங்கவில்லை. பெரியவர்களுக்கான பஞ்சுத் துணிகள். பையைப் பூட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தலையிடி என்று சொல்லி வீட்டுக்கு வந்தேன். காரில் ஒரு மணித்தியாலம் இருந்த பிறகுதான் உள்ளே போனேன்.

சுதன்தான் வைத்திருக்க வேண்டும். அவர் வேலையால் வரும்வரை என்ன சொல்வது என்று யோசித்தேன். வந்தார். சொல்லவில்லை.

யூன் 18, புதன்

சுதன் இல்லை. அம்மா.

காலையில் ஆரபி தூக்கம். அம்மா குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். நான் பொதியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"இது ஆர் என்ர பைக்குள்ள வைச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

அம்மா கையை மாவிலிருந்து எடுக்கவில்லை. "உன்ர காற்சட்டையளை நீ தனியாத் தோய்க்கிறாய். தண்ணி குடிக்கிறாயில்ல. வெளிக்கிட முதல் மூண்டு தரம் ரொயிலற்றுக்குப் போறாய். ஆரபியைத் தூக்கேக்க ஒரு காலை மற்றக் காலோட சேத்து வைச்சுக்கொண்டு தூக்குறாய். எனக்குத் தெரியாதோ?"

"சுதன் ஏதும் சொன்னவரோ?"

"அந்தாளுக்கு என்ன தெரியும். பாவம். இது எனக்கு வாங்கினது. வீட்டில ஒண்டு மிச்சம் கிடந்தது."

எனக்கு விளங்கவில்லை. "உங்களுக்கோ?"

"உன்னைப் பெத்த நாளில இருந்து."

அதற்குப் பிறகு அம்மா மாவையே பார்த்துக்கொண்டு கதைத்தார். சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

"ஒண்டரை நாள் வலி. பெரிய பிள்ளை நீ. நீ பிறந்து பதினாலாம் நாள், ஆமி வருதெண்டு ஊரோட எல்லாச் சனமும் வெளிக்கிட்டது. தொண்ணூற்றஞ்சு. மழை. நடக்கவும் இடமில்லாமல், நிண்டு நிண்டு, சாவகச்சேரிக்குப் போய்ச்சேர அடுத்த நாளாச்சு. கொப்பர் தன்ர தாயைச் சைக்கிளில வைச்சு உருட்டினவர். நான் உன்னையும் ஒரு பையையும் தூக்கினன். அதுக்குப் பிறகு இருமினாலும் தும்மினாலும் அப்பிடித்தான். சிரிச்சாலும். ஆரிட்டச் சொல்லுறது? சனம் செத்த ஆக்களைப் பற்றிக் கதைக்கிற நேரம், இதை ஒரு வருத்தமெண்டு கொண்டுபோய்க் காட்டேலுமே? இஞ்ச வந்த பிறகு டொக்டரிட்டப் போனால் நீதானே மொழிபெயர்க்க வருவாய். பத்து வயசுப் பிள்ளை. உன்னைக் கொண்டு நான் அதைச் சொல்லுவிக்கிறதோ?"

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"கலியாண வீட்டில நான் ஏன் எப்பவும் கரைக் கதிரையில இருக்கிறனெண்டு கொப்பருக்கு இண்டைக்கும் தெரியாது. பஸ்சில போனால் எந்தத் தரிப்பில இறங்கினால் ரொயிலற் இருக்குமெண்டு எனக்குத் தெரியும். எங்கட பரமற்றாப் பக்கம் முழுக்கத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது.

"அதுதானோ நீங்கள் என்ர ஆட்டத்துக்கு வராதது?"

"ஒருக்கா வந்தனான், உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்தில ஆடேக்க. நீ பந்தைக் கொண்டு ஓடினாய். நான் எழும்பிக் கத்தினன்." அம்மா நிறுத்தினார். "எழும்பிக் கத்தினால் என்ன நடக்கும்? ரொயிலற் அங்கால கேற்றடியில. அவ்வளவு சனத்துக்கு முன்னால நடந்து போனன். பேந்து கொப்பரிட்ட, உந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கேல்ல எண்டு சொல்லிப்போட்டன்."

பதினாலு வருடம். அம்மாவுக்கு என்னால் வெட்கம் என்று நினைத்திருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, இந்தக் கொப்பியிலும் எழுதவில்லை. மேலே யூன் எட்டாம் திகதி எழுதியதை இப்போது திருப்பி வாசித்தேன். எவ்வளவு சமாளித்திருக்கிறேன்.

சரி, எழுதிவிடுகிறேன். பிள்ளை பெற்றதிலிருந்து ஓடினால், குதித்தால், மோதினால் எனக்குச் சிறுநீர் கசிகிறது. கணுக்கால் நோகவில்லை. சாம்பல் நிறம் எனக்கு நன்றாகவே பொருந்தும். நாளுக்கு ஒரு தம்ளர்தான் தண்ணீர் குடித்தேன். சினாவுக்கு முன்னால் நான் நின்ற அந்த அரை அடியில் நான் செய்துகொண்டிருந்தது ஒன்றுதான், இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு டொக்டர்மார் இருக்கினம் அம்மா," என்றேன்.

"இருந்தால் நீ போ."

"நீங்களும் வந்தால் போறன்."

"என்ர வயசில இனி என்னத்தை."

"அப்ப நானும் போகேல்ல."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். மாக் கையால் என் கன்னத்தில் தட்டினார். அடி என்றும் சொல்லலாம். "பாப்பம்," என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் புட்டுச் சாப்பிட்டோம். நான் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தேன்.

யூன் 19

சுதனுக்குச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நான் நினைச்சன் உமக்கு என்னோட ஏதோ கோவமெண்டு," என்றார். பத்து மாதமாக அப்படி நினைத்திருக்கிறார். இந்த வீட்டில் ஆளுக்கொன்றை நினைத்துக்கொண்டு எல்லோரும் எவ்வளவு மரியாதையாக இருந்திருக்கிறோம்.

யூன் 20, வெள்ளி

ஹன்னாவிடம் சொன்னேன். எனக்கு முகம் எரிந்தது. அவள் ஒன்றும் அதிரவில்லை. "ஏன் முதலே சொல்லேல்ல?" என்றாள். பட்டியல் வர இருக்கிறது என்றேன். அது அவளுக்கு விளங்கியது.

டெனீஸிடமும் நானே சொல்ல வேண்டும் என்றாள். அவருடைய அறையில் மேசையில் பெயர்ப் பலகை இருந்தது. காந்தத் துண்டுகளில் எங்கள் பெயர்கள். என்னுடையது பலகைக்கு வெளியே, பேனைகளோடு கிடந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். மறைக்கவில்லை.

சொல்லி முடித்தேன். அவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரில் இருந்த ஆண்டுக் கலண்டரைப் பார்த்தார்.

"அப்ப அந்த அரை அடி?"

"அதுதான்."

"பயமில்லை எண்டு நீ சொன்னது உண்மை."

"ஓம். மற்றதெல்லாம் பொய்."

"எத்தினை கிழமை எடுக்கும்?"

"தெரியாது. இனித்தான் கேக்க வேணும்."

"கேட்டுச் சொல்லு," என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஒரு வாக்குறுதியும் தரவில்லை. நான் கதவடிக்குப் போன பிறகு, "நிரோஜா, வெள்ளைக் காற்சட்டை ஆற்ற யோசினை எண்டு தெரியுமோ? ஒரு ஆம்பிளையின்ர," என்றார்.

யூன் 25

இடுப்படித் தசைகளுக்கென்று தனியாக இருக்கிற ஒரு பிசியோவிடம் போனேன். பெயர் மொறீன். என்னை இருமச் சொன்னாள், குந்தச் சொன்னாள், மூச்சை விடச் சொன்னாள். கீழே தாங்குகிற தசை ஒரு பக்கம் கிழிந்து ஆறியிருக்கிறது என்றாள். அது எனக்குப் புதுச் செய்தி இல்லை. புதுச் செய்தி அடுத்தது.

"நீ நாள் முழுக்க இறுக்கிப் பிடிச்சுக்கொண்டே திரியிறாய். பொத்தின கையால பந்து பிடிக்கேலுமோ? முதல் விடப் பழகு. பிறகு பிடிக்கலாம்."

மோதும்போது நான் மூச்சை அடக்குகிறேனாம். மூச்சை வெளியே விட்டபடி மோத வேண்டுமாம். தண்ணீர் குறைத்தால் குறையும் என்று நினைத்தேனே, அது பிழையாம். கூடத்தான் செய்யுமாம். ஆடும்போது உள்ளே வைக்க மெல்லிய வளையம் ஒன்றும் தந்தாள். ஆறு கிழமையில் பாதியாவது குறையும், முழுதாகப் போகும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றாள். சத்தியம் பண்ணாதவர்களை எனக்குப் பிடிக்கும்.

யூலை 1

இருபத்துநாலு பேர். நான் இருபத்துநாலாவது.

முதல் நாலு ஆட்டத்திலும் டெனீஸ் என்னை இறக்க மாட்டாராம். ஐந்தாவதுக்கு மொறீன் சரி சொன்னால் இறக்குவாராம். அப்பா வட்டம் போடப் புதுப் பேனை வாங்கினார்.

யூலை 9

சினாவோடு மோதும் பயிற்சி. வாயால் "ஹூ" என்று ஊதிக்கொண்டு போய் இடித்தேன். அவள் விழுந்தாள். எழும்பாமல் புல்லில் கிடந்தபடியே சிரித்தாள்.

"இவ்வளவு நாளும் நீ எனக்குப் பயமெண்டு நினைச்சு மெதுவா வந்தனான்," என்றாள்.

"அதுவோ மெதுவா?"

அடுத்த தடவை அவள் மெதுவாக வரவில்லை. விலாவில் கையளவு இரத்தம் கட்டிய கண்டல். சந்தோசமாக இருக்கிறது.

யூலை 10

கண்டல் நீலம். ஆரபி அதில் விரல் வைத்துப் பார்த்து "ஊ" என்றாள். மூன்று லீற்றர். இந்த முறை உண்மை.

யூலை 22, செவ்வாய்

அம்மாவை மொறீனிடம் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று தடவை நாள் மாற்றிய பிறகு இன்று வந்தார். கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

நான் மொழிபெயர்க்க உள்ளே வருகிறேன் என்றேன். "நீ வெளியில இரு," என்றார். "முப்பது வருசமா யோசிச்சு வைச்ச இங்கிலீஸ் எனக்கு இருக்கு."

ஒரு மணித்தியாலம். உள்ளேயிருந்து ஒரு தடவை சிரிப்புச் சத்தம் கேட்டது, அம்மாவுடையது. வெளியே வந்து கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். எண்ணி எண்ணி இறுக்கி விடுகிற பயிற்சிகள், ஒரு நாளைக்கு மூன்று நேரம். காரில் ஏறின பிறகு, "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை," என்றார். சந்தியில் சிவப்பு வெளிச்சத்துக்குக் கார் நின்றபோது திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

யூலை 28

அணிக்கு இனிக் கடும்நீலக் காற்சட்டையாம், வீட்டு மைதானத்திலும். டெனீஸ் கழகத்தாரோடு என்ன கதைத்தார் என்று தெரியாது. இதை மற்றப் பெண்கள் மாதவிடாய்க் காரணத்துக்காக மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓகஸ்ட் 2, சனி

ஐந்தாவது ஆட்டம். எதிரில் கடற்கரைப் பக்கத்து அணி.

உடுப்பு மாற்றும் அறையில் அப்பாவின் செய்தி வந்தது: "அம்மாவும் நிற்கிறா." நான் அதை நம்பவில்லை. வெளியே வந்து பார்த்தால், ஏழு வருடமாக ஒரே கதிரையில் இருந்த அப்பா இன்று வேறு பக்கத்தில், படிக்கட்டடியில், பெண்கள் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் கரைக் கதிரையில் அம்மா. மடியில் ஆரபி, தலையில் குளிருக்குத் தொப்பி. மற்றப் பக்கம் சுதன். அப்பாவுக்கு அம்மா எல்லாம் சொல்லிவிட்டாரா, இல்லை ஏதோ சாட்டுச் சொன்னாரா தெரியாது. கேட்கவுமில்லை.

இருபத்துநாலாவது நிமிடத்தில் டெனீஸ் என்னை இறக்கினார்.

முதல் மோதல் அவர்களுடைய பெரிய பெண்ணோடு. ஊதினேன். அரை அடி நிற்கவில்லை. இரண்டு பேரும் விழுந்தோம், எழும்பினோம், திரும்ப ஓடினோம். அவ்வளவுதான் நடுவில் ஆடுவது. விங்கில் நின்றபோது பந்து வரும் வரும் என்று குளிரில் காத்துக்கொண்டு நிற்பேன். இங்கே காத்திருக்க நேரமில்லை. எல்லாம் என்னிடமே வந்துவிடுகிறது. இவ்வளவு காலமும் ஆட்டத்தை ஓரத்திலிருந்து பார்த்திருக்கிறேன் என்று பட்டது.

முப்பத்தொன்பது நிமிடம் ஆடினேன். இருபத்தாறு டாக்கிள், தவறவிட்டது ஒன்று. அந்த ஒன்றில் அவர்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார்கள். இரண்டு புள்ளியால் தோற்றோம். இரண்டாம் பாதியில் ஒரு தடவை கொஞ்சம் கசிந்தது. தெரிந்தது. அடுத்த டாக்கிளுக்குப் போனேன்.

ஆட்டம் முடிந்து வேலியடிக்குப் போனேன். அப்பா தோல்விக்கு நடுவரைக் காரணம் சொன்னார். அம்மா என் முகத்துச் சேற்றைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"அந்த மொத்தமான பெரிய பிள்ளை உன்னை இடிச்சவள்."

"ஓம் அம்மா."

"நீயும் இடிச்சனி."

"ஓம்."

"நல்லா இடிச்சனி," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ரெண்டு தரம் எழும்பிக் கத்தினன்," என்றார்.

நான் முகத்தைப் பார்த்தேன். "ஒண்டும் நடக்கேல்லயோ?"

"நடந்தது. கொஞ்சம் இருந்திட்டு, திரும்பவும் எழும்பிக் கத்தினன்."

ஓகஸ்ட் 5

தோற்ற ஆட்டத்தின் வீடியோவை எல்லோருமாகப் பார்த்தோம். நான் தவறவிட்டதை டெனீஸ் நாலு தடவை போட்டுக் காட்டினார். அது நியாயம்.

முடிந்த பிறகு சினா என்னை வாகனத் தரிப்பிடத்தில் பிடித்தாள். அவளுக்கு நாலு வயதில் ஒரு மகன் இருக்கிறான். சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டு, "அந்த மொறீன் எண்டவளின்ர நம்பர் உன்னட்ட இருக்கோ? என்ர சிநேகிதி ஒருத்திக்கு," என்றாள்.

கொடுத்தேன். சிநேகிதி சுகமாகட்டும் என்றேன். ஓம் என்றாள்.

ஓகஸ்ட் 8

டெனீஸ் அடுத்த வருடத்துக்கும் கையெழுத்துப் போடச் சொன்னார். நடுவில் ஆட. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு போனேன். அறைக்குள் போனதும் பேனையைத்தான் கேட்டேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

ஓய்வு நாள். சுதன் ஆரபியைப் பூங்காவுக்குக் கொண்டுபோனார். நான் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். அம்மா பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்தில், சங்கானையில் இருக்கிற பெரியம்மாவோடு வீடியோ அழைப்பில் கதைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அம்மாவின் மூத்த அக்கா, எழுபத்தொரு வயது, ஐந்து பிள்ளை பெற்றவர். கதவு பாதி திறந்திருந்தது. கோயில் கொடியேற்றம், தேங்காய் விலை, யாருடைய மகனுக்கு எங்கே சம்பந்தம் எல்லாம் முடிந்தது. நான் தூங்கிப்போகிற நேரம் அம்மாவின் குரல் மாறியது.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? கோவிக்காதையுங்கோ. உங்களுக்கு இருமேக்க, தும்மேக்க, ஏதும் கரைச்சல் இருக்கோ?"

அழைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு பெரியம்மா மெதுவாக, "நீ ஏன் கேக்கிறாய்?" என்றார்.

"எனக்கு இருந்தது. முப்பது வருசம். இப்ப குறையுது. அதுதான்."

பெரியம்மாவின் குரல் இன்னும் தாழ்ந்தது.

"ஆரும் பக்கத்தில நிக்கினமோ?" பெரியம்மா கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"பொறு, கதவைச் சாத்திப்போட்டு வாறன்."

நானும் எழுந்து போய் எங்கள் பக்கத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். தேத்தண்ணி போட்டேன். பூங்காவிலிருந்து சுதனும் ஆரபியும் வந்த பிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை. உள்ளே அம்மா எண்ணுவது கேட்டது. "பிடியுங்கோ. ஒண்டு, ரெண்டு, மூண்டு… மூச்சை அடக்காதையுங்கோ அக்கா. இப்ப விடுங்கோ."